இரண்டு வீட்டுச் சொற்கள்

என் அப்பா கும்பகோணத்தில் ஒரு வக்கீலிடம் 31 வருடம் குமாஸ்தாவாக இருந்தார். எங்கள் வீட்டுத் திண்ணையில் எப்போதும் நாலைந்து கேஸ் கட்டுகள் கிடக்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய வயதில் நான் உரக்கப் படித்த சொற்கள் அவற்றின் மேலட்டையில் இருந்தவைதான். வாதி. பிரதிவாதி. பிராது. வக்காலத்து. பிரமாணப் பத்திரம். பொருள் தெரியாது. அப்பா காலையில் பல் துலக்கும்போதே யாராவது வாசலில் நின்று வாய்தா தேதி கேட்பார்கள். உலகத்தில் எல்லாருக்கும் ஒரு வாய்தா தேதி இருக்கும் என்று நான் நம்பியிருந்தேன்.

1973-இல் கல்லூரியில் பொருளாதாரத்துக்கு விண்ணப்பித்தேன். தத்துவத்தில் இடம் கிடைத்தது. அப்பா அரை நாள் ஒன்றும் பேசவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டார்: "தத்துவம் படிச்சு என்னடா பண்ணப் போற?" எனக்குப் பதில் தெரியவில்லை. அவருடைய வக்கீல்தான் அவரைத் தேற்றினார். மூன்று வருடம் எதையாவது படிக்கட்டும், பிறகு சட்டத்தில் போடு, சட்டத்துக்கு எந்தப் பட்டமும் ஆகும் என்றாராம்.

வகுப்பில் நாங்கள் பன்னிரண்டு பேர். ஆசிரியர் முதல் நாள் கரும்பலகையில் மூன்று சொற்களை எழுதினார்: வாதம், ஜல்பம், விதண்டை. நியாய சாஸ்திரத்தில் விவாதம் மூன்று வகை. உண்மை எது என்று கண்டுபிடிக்க இருவர் சேர்ந்து பேசுவது வாதம். தோற்றாலும் லாபம்தான், தப்பான எண்ணம் ஒன்று நம்மை விட்டுப் போயிற்று. ஜெயிப்பதற்காகப் பேசுவது ஜல்பம். தன் கட்சி என்று ஒன்று இல்லாமல் எதிராளி சொல்வதை உடைப்பது மட்டுமே வேலையாகப் பேசுவது விதண்டை. "விதண்டாவாதம் பண்ணாதேன்னு உங்க வீட்ல திட்டுவாங்க இல்லையா, அந்த விதண்டைதான்" என்றார். பிறகு அனுமானத்தின் ஐந்து உறுப்புகளைச் சொன்னார். மலையில் தீ இருக்கிறது. ஏனென்றால் புகை இருக்கிறது. எங்கே புகையோ அங்கே தீ, அடுப்பங்கரையைப் போல. இந்த மலையிலும் அப்படிப்பட்ட புகை. ஆகவே மலையில் தீ. மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்கு இதைத்தான் பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று கற்றுக்கொடுக்கிறார் என்று அவர் சொன்னபோது, பள்ளிக்கூடத்தில் அமுதசுரபிக் கதையாக மட்டுமே படித்த ஒரு நூல் என் கண்முன்னே வேறொன்றாக மாறியது.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அந்த ஐந்தையும் ஒப்பித்தேன். அவர் கையில் இருந்த பிராதைக் கீழே வைத்தார். "இதுவும் அதேதானேடா" என்றார். வாதி சொல்ல வந்தது முதல் பத்தியில். ஏன் என்பது அடுத்தது. இதற்கு முன் நடந்தது, ஊர் வழக்கம், பழைய தீர்ப்பு. இந்த வழக்குக்கு அது எப்படிப் பொருந்துகிறது. கடைசியில் 'ஆகவே' என்று தொடங்கிக் கோரும் பரிகாரம். பத்தாவது தாண்டாத என் அப்பா, எதிர்க்கட்சிப் பிராதை வாங்கியதும் 'ஆகவே'க்கு முன்னால் எது விட்டுப்போயிருக்கிறது என்று பார்த்து வக்கீலிடம் சொல்லிவிடுவார். அவருக்கு அது தொழில். என் வகுப்பில் அதற்குப் பெயர் ஹேத்வாபாசம், ஏதுப்போலி.

அதற்குப் பிறகு அது எங்கள் இருவருக்கும் ஒரு பழக்கமாகிவிட்டது. வகுப்பில் கேட்ட சொல்லை நான் கொண்டுவருவேன். கோர்ட்டில் அதன் பொருளை அவர் சொல்வார். பிரமாணம் என்றால் எங்களுக்கு அறிவு வரும் வழி. காட்சி, கருதல், உவமை, நம்பத்தக்கவர் சொல் என்று நியாயத்தார் நான்கு சொல்வார்கள். அவருக்கு அது சத்தியம் செய்து கையெழுத்திட்ட தாள். சாட்சி என்றால் அத்வைதத்தில் எதிலும் பங்குகொள்ளாமல் எல்லாவற்றையும் காணும் அறிவு. அப்பாவுக்குக் கூண்டில் ஏறி நிற்கும் ஆள். "கூண்டுல நிக்கிறவனும் அப்படித்தான்டா இருக்கணும், பார்த்ததை மட்டும் சொல்லணும்" என்றார். நியாயம் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். என் ஆசிரியருக்கு அது ஒரு தரிசனத்தின் பெயர். எங்கள் தெருவில் அது, பக்கத்து வீட்டுக்காரன் வேலியை ஒரு சாண் தள்ளிப்போட்டால் கேட்கப் போவது. ஒரே சொல் இரண்டு வீட்டில் குடியிருந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு கதவு இருந்தது. கதவைத் தாண்டிப் போய்வர ஆட்கள் இருந்தார்கள்.

1976 ஜூலையில் சென்னைக்கு வந்தேன், சட்டக் கல்லூரிக்கு. உயர் நீதிமன்ற வளாகத்திலேயே சிவப்புக் கட்டடம். என் வகுப்பில் கணிதம் படித்தவர் இருந்தார், வேதியியல், தமிழ், வரலாறு படித்தவர்கள் இருந்தார்கள். ஆளுக்கொரு துறையின் வாசனையோடு வந்திருந்தோம். சாட்சியச் சட்டம் எடுத்தவர் முதல் வகுப்பிலேயே ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் கதையைச் சொன்னார். 1869 முதல் 1872 வரை இந்தியாவில் சட்ட உறுப்பினராக இருந்தவர். 1872-இன் இந்திய சாட்சியச் சட்டம் அவர் வரைந்தது. அதற்கு அவரே ஒரு முன்னுரை நூலும் எழுதினார். ஒரு நிகழ்ச்சி நடந்ததா இல்லையா என்று நீதிபதி எப்படி முடிவுக்கு வர வேண்டும் என்பதை அதில் விளக்க அவர் கையிலெடுத்தது ஜான் ஸ்டூவர்ட் மில்லின் தொகுத்தறி தருக்கத்தை. ஊர் திரும்பும் கப்பலிலேயே அடுத்த புத்தகத்தைத் தொடங்கினார். 1873-இல் அது வெளிவந்தது, மில்லின் சுதந்திரக் கொள்கையை அடியோடு மறுக்கும் நூலாக. தருக்கத்தை அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார், முடிவை ஏற்க மறுத்தார். அந்த மில்லோ 35 வருடம் லண்டனில் கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்த்தவர். என் அப்பா புரட்டிய சாட்சியச் சட்டப் புத்தகத்துக்குள் இப்படி ஒரு சண்டை ஒளிந்திருக்கிறது என்று அவருக்குக் கடிதம் எழுதினேன். பதில் கார்டில் கடைசி வரியாக, அந்த வெள்ளைக்காரர்கள் இருவரில் யார் சொன்னது சரி என்று உன் வாத்தியாரைக் கேட்டு எழுது என்று போட்டிருந்தார்.

ஆனால் அந்த ஆண்டில் என் மனதில் தங்கிய வகுப்பு வேறு. நெருக்கடி நிலை அமலில் இருந்தது. நான் சேர்வதற்கு மூன்று மாதம் முன்பு, ஏப்ரல் 28 அன்று, ஜபல்பூர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருந்தது. விசாரணையின்றிச் சிறையில் வைக்கப்பட்டவர் ஆட்கொணர்வு மனுப் போட முடியாது என்று நான்கு நீதிபதிகள். முடியும் என்று ஹெச். ஆர். கன்னா ஒருவர். சட்டத்துக்குப் புறம்பாக ஒருவர் உயிரைப் பறித்தால்கூட நெருக்கடி நிலை நீடிக்கும்வரை நீதிமன்றத்தில் பரிகாரம் இல்லையா என்று கன்னா கேட்டதற்கு, இல்லை என்றே அரசின் தலைமை வழக்கறிஞர் நிரேன் டே ஒப்புக்கொண்டிருந்தார்.

ஜூரிஸ்புரூடன்ஸ், அதாவது சட்டவியல், வகுப்பில் ஜான் ஆஸ்டின் நடந்துகொண்டிருந்தது. 1832-இல் அவர் வெளியிட்ட நூலின் சாரம் மிக எளியது: சட்டம் என்பது இறையாண்மை உடையவரின் கட்டளை, மீறினால் தண்டனை. அது நல்லதா கெட்டதா என்பது வேறு கேள்வி. தமிழ் எம்.ஏ. படித்துவிட்டு வந்திருந்த ஒரு மாணவர் எழுந்து, "அப்படின்னா கன்னா தப்பா சார்?" என்று கேட்டார்.

ஆசிரியர் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அந்த நாட்களில் அதன் பொருள் எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஜெர்மனியில் 1944-இல் நடந்த ஒன்றைச் சொல்கிறேன் என்றார். விடுப்பில் வந்த சிப்பாய் தன் வீட்டுக்குள் ஹிட்லரைப் பழித்துப் பேசுகிறான். மனைவிக்கு அவன் தொலைந்தால் போதும். போய்ச் சொல்லிவிடுகிறாள். அப்படிப் பேசுவது குற்றம் என்று அன்றைக்குச் சட்டமே இருந்தது. அவனுக்கு மரண தண்டனை. பிறகு போர்முனைக்கு அனுப்பினார்கள். 1949-இல் அந்தப் பெண் மேல் வழக்கு. நான் செய்தது சட்டப்படிதானே என்கிறாள் அவள். என்ன சொல்வீர்கள்? போருக்கு முன் எட்டு வருடம் வழக்கறிஞர், போருக்குப் பின் ஆக்ஸ்போர்டில் தத்துவ ஆசிரியர், 1952 முதல் அங்கேயே ஜூரிஸ்புரூடன்ஸ் பேராசிரியர் என்று இரண்டு பக்கமும் வாழ்ந்த ஹெச். எல். ஏ. ஹார்ட், அது சட்டம்தான், ஆனால் கீழ்ப்படியத் தகுதியில்லாத தீய சட்டம் என்கிறார்; தண்டித்தே ஆக வேண்டும் என்றால் பின்தேதியிட்ட சட்டம் ஒன்றை வெளிப்படையாகப் போட்டுச் செய்யுங்கள், செய்வது இன்னதென்று மறைக்காதீர்கள் என்கிறார். ஹார்வர்டின் லான் ஃபுல்லர், அந்த அளவுக்கு ஒழுங்கு கெட்டுப்போனதைச் சட்டம் என்று அழைக்கவே முடியாது என்கிறார். 1958-இல் ஒரே இதழில் இருவரும் எழுதிய கட்டுரைகள். ஆசிரியர் தன் கட்சியைச் சொல்லவில்லை. இரண்டு பக்கத்தையும் எங்களையே பேச வைத்தார், பிறகு பக்கத்தை மாற்றிப் பேசச் சொன்னார். மணி அடித்தும் யாரும் எழவில்லை. 1977 ஜனவரியில் கன்னாவைத் தாண்டி அவருக்கு இளையவர் தலைமை நீதிபதி ஆக்கப்பட்டதும் கன்னா பதவி விலகினார். கதவைச் சாத்திய அன்று எங்கள் வகுப்பில் நடந்தது நீதிமன்றத்தில் நடப்பது போன்ற ஜல்பம் அல்ல, வாதம்.

அதே ஆசிரியர்தான் டீட்ரிக் கான்ராட் பற்றியும் சொன்னார். 1965 பிப்ரவரியில் அந்த ஜெர்மானிய அறிஞர் காசி இந்துப் பல்கலைக்கழகச் சட்டத் துறையில் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். அரசியலமைப்பைத் திருத்தும் அதிகாரத்துக்கு எல்லை உண்டா என்று கேட்டார். மூன்றில் இரண்டு பங்கு வாக்கு இருந்தால் இந்தியாவைத் தமிழ்நாடு, இந்துஸ்தானம் என்று இரண்டாகப் பிரித்துவிட முடியுமா? உயிர் வாழும் உரிமையை எடுத்துவிட முடியுமா? முகலாயப் பேரரசரை மறுபடி உட்கார வைக்க முடியுமா? நடக்காத காரியங்களை வைத்துக் கேள்வி கேட்பது தத்துவ வகுப்பின் பழக்கம். வக்கீலுக்கு அதற்கு நேரம் கிடையாது. ஆனால் 1933-இல் தன் நாட்டில் ஒரு நாடாளுமன்றம் சட்டப்படியே தன்னை ஹிட்லரிடம் ஒப்படைத்ததைக் கண்ட மரபிலிருந்து அவர் வந்திருந்தார். அந்தக் கேள்வி சென்னை வழக்கறிஞர் எம். கே. நம்பியார் காதுக்கு எட்டியது. 1967-இல் கோலக்நாத் வழக்கில் அவர் அதை வாதமாக வைத்தார். 1973 ஏப்ரல் 24 அன்று, 13 பேர் அமர்ந்த கேசவானந்த பாரதி வழக்கில் 7-6 என்று, திருத்தத்தால் அரசியலமைப்பின் அடிப்படையை அழிக்க முடியாது என்னும் அடிப்படைக் கட்டமைப்புக் கோட்பாடு பிறந்தது. அந்த ஏழாவது ஆள் கன்னா. தன் தீர்ப்பில் கான்ராடை எடுத்துக்காட்டியிருக்கிறார். காசியில் ஒரு வகுப்பறையில் எழுந்த கேள்வி எட்டே வருடத்தில் இந்த நாட்டின் காவல் ஆயிற்று. இதை நினைக்கும்போது இன்றைக்கும் என் உடம்பு சிலிர்க்கிறது.

பிறகு 34 வருடம் கும்பகோணத்திலும் தஞ்சாவூரிலும் தொழில் செய்தேன். முன்சீப் கோர்ட்டில் யாரும் காண்ட் பெயரைச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் வரவில்லை. ஆனால், "எனக்குத் தெரியும்" என்று சொல்லும் சாட்சியிடம் "எப்படித் தெரியும்?" என்று கேட்காமல் ஒரு குறுக்கு விசாரணையும் நான் முடித்ததில்லை. பார்த்தாயா, ஊகித்தாயா, யாராவது சொன்னார்களா. என் தொழிலுக்கு அந்த நான்கு பிரமாணங்கள் போதுமானவையாக இருந்தன.

இப்போது வாரம் இரண்டு நாள் ஒரு சட்டக் கல்லூரிக்குப் போய் அதே ஜூரிஸ்புரூடன்ஸ் பாடம் எடுக்கிறேன். மாணவர்கள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து நேராக வந்தவர்கள். 1988-இல் பெங்களூரின் தேசியச் சட்டப் பள்ளி முதல் வகுப்பைத் தொடங்கியதிலிருந்து ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு நாடெங்கும் பரவிவிட்டது. புத்திசாலிப் பிள்ளைகள். நாங்கள் பார்க்கவே பார்க்காத புத்தகங்களை ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுகிறார்கள். தீர்ப்புகளும் மாறிவிட்டன. அந்த நாளில் கே. கே. மாத்யூ போன்ற சில நீதிபதிகள் எழுதினால்தான் தத்துவவாதிகளின் பெயர் வரும். 2017 ஆகஸ்ட் 24 அன்று வந்த புட்டசாமி தீர்ப்பு 547 பக்கம். அந்தரங்க உரிமையின் வரலாறு அதில் அரிஸ்டாட்டிலிலிருந்து தொடங்கி மில் வழியாக வருகிறது. ஜபல்பூர் தீர்ப்பைத் தூக்கி எறிந்ததும் அதே தீர்ப்புத்தான். 1976-இல் தந்தை ஒய். வி. சந்திரசூட் சேர்ந்து சொன்னதைத் தவறு என்று 2017-இல் மகன் டி. ஒய். சந்திரசூட் எழுதினார். 2018 செப்டம்பர் 6 அன்று வந்த நவ்தேஜ் ஜோஹர் தீர்ப்பில் தலைமை நீதிபதியின் பகுதி கதேயோடும் ஷோப்பன்ஹவரோடும் தொடங்குகிறது. ஸ்டீபன் கப்பலில் உட்கார்ந்து மறுத்த மில்லின் கொள்கை, 145 வருடம் கழித்து இங்கே தன்பாலுறவைக் குற்றமாக்கிய ஒரு பழைய பிரிவின் பிடியிலிருந்து மனிதர்களை விடுவிக்க உதவியது. சட்டங்களின் பெயரும் மாறியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டத்தின் பெயரில் 'நியாய' இருக்கிறது, சாட்சியச் சட்டத்தின் பெயரில் 'சாக்ஷிய' இருக்கிறது. ஒரு விஷயம் நிரூபிக்கப்பட்டது என்றால் என்ன என்பதற்கு ஸ்டீபன் எழுதிய வரையறை உள்ளே அப்படியே தொடர்கிறது.

தத்துவத்தின் பெயர்கள் சட்டத்தின் வீட்டுக்குள் இத்தனை வந்துவிட்டன. பக்கத்து வீடு காலியாகிவிட்டது. நான் பி.ஏ. படித்த கல்லூரியில் தத்துவத் துறை இன்று இல்லை. மாணவர் எண்ணிக்கை குறைந்து, ஆசிரியர் ஓய்வுபெற்ற இடத்தில் ஆள் போடாமல், ஒரு நாள் மூடிவிட்டார்கள். வாதம், ஜல்பம், விதண்டை என்று எழுதிய கரும்பலகை இருந்த அறையில் கணினிகள் வைத்திருக்கிறார்கள். சென்ற ஆண்டு போயிருந்தபோது வாசற்படியில் நின்று பார்த்துவிட்டு வந்தேன். உள்ளே போக மனம் வரவில்லை.

இதை ஒரு பழைய மாணவனின் ஏக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நீதிபதி ஒரு தேதிக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். மேசையில் கேஸ் கட்டு காத்திருக்கிறது, வெளியே மனிதர்கள் காத்திருக்கிறார்கள். ஆகவே அவர் மில்லை எடுக்கும்போது மில் சொன்ன முடிவை எடுக்கிறார். மில்லுக்கு ஸ்டீபன் சொன்ன மறுப்பையும், அந்த மறுப்புக்கு மறுப்பையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வாய்தா தேதி இல்லாத ஒருவர் பக்கத்தில் வேண்டும். தீர்ப்பு வந்த மறுநாள், அந்த மேற்கோள் அங்கே பொருந்துகிறதா என்று கேட்க வேண்டும். அந்த ஆள் சட்டக் கல்லூரியின் சம்பளப் பட்டியலில் ஒரு பாடத்துக்கான பகுதிநேர ஆசிரியராக இருந்தால் போதாது. தனக்கென்று ஒரு வீடு இருந்தால்தான் எதிர்வீட்டைப் பார்த்து 'இல்லை' என்று சொல்ல முடியும்.

சென்ற மாதம் அரசியலமைப்பு அறம் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். மக்களின் பொதுப் புத்தி ஒரு சிறுபான்மையை ஒடுக்கும்போது அதற்கு எதிராக அரசியலமைப்பின் அறத்தை வைக்க வேண்டும் என்று நவ்தேஜ் ஜோஹர் தீர்ப்பில் நீதிமன்றம் சொல்கிறது, அந்தச் சொல்லை அம்பேத்கரிடமிருந்து எடுக்கிறது என்றேன். கொலம்பியாவில் ஜான் டூயியிடம் தத்துவம் கேட்டு, லண்டனில் கிரேஸ் இன்னில் சட்டம் பயின்று, இரண்டு வீட்டிலும் உரிமையோடு புழங்கிய மனிதர் அவர் என்று சொல்லும்போது எனக்கே குரல் உயர்ந்துவிட்டது.

இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு மாணவி கை தூக்கினாள். அரசியலமைப்பு அவையில் அம்பேத்கர் ஆற்றிய 1948 நவம்பர் 4-ஆம் தேதி உரையை முழுவதும் படித்திருக்கிறாள். "சார், அவர் அந்த இடத்துல வேற ஒண்ணுக்குத்தானே அதைச் சொல்றார்? நிர்வாக விவரத்தையெல்லாம் ஏன் அரசியலமைப்புலயே எழுதினோம்னு கேட்டவங்களுக்குப் பதில் சொல்றார். அந்த அறம் ஊறிப்போன நாடா இருந்தா சட்டசபைகிட்ட விட்டுடலாம், இங்க இன்னும் ஊறலைங்கிறார். வரலாற்றாசிரியர் குரோட்டோட சொல்லை அதுக்குத்தான் எடுக்கிறார். கோர்ட் சொல்ற பொருள் அதுல எங்க இருக்கு?"

வகுப்பு அமைதியானது. கதவைச் சாத்த வேண்டிய காலம் இல்லை, ஆனாலும் என் கண் கதவுப் பக்கம் போயிற்று. ஒரு சொல்லை அதன் பொருளிலிருந்து நகர்த்தி வேறு பொருளில் ஆள்வதற்கு நியாயத்தில் சலம் என்று பெயர் உண்டு என்றேன். நீதிமன்றம் செய்ததைச் சலம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தத் தீர்ப்பின் முடிவு சரியென்றே நம்புகிறேன். சொல் வளரலாம். ஆனால் வளர்ந்திருக்கிறது என்று காட்ட ஒரு ஏது வேண்டும். அந்த ஏது தீர்ப்பில் இருக்கிறதா என்று தேடி அடுத்த வாரம் எழுதிக் கொண்டுவா என்றேன். ஏழு பக்கம் எழுதிக் கொண்டுவந்தாள். ஐந்தாவது பக்கத்தில் தன் கட்சியைத் தானே மறுத்திருந்தாள்.

அதைத் திருப்பிக் கொடுத்த அன்று வராண்டாவில் காத்திருந்தாள். சட்டம் முடித்ததும் தத்துவத்தில் எம்.ஏ. படிக்க வேண்டுமாம், எங்கே சேரலாம் என்றாள். சென்னைப் பல்கலைக்கழகத்தில், டி. எம். பி. மகாதேவன் வளர்த்த துறை இருக்கிறது என்று சொல்லி ஒரு தாளில் எழுதிக்கொடுத்தேன். எனக்குத் தத்துவத்துக்குப் பிறகு சட்டம். இவளுக்குச் சட்டத்துக்குப் பிறகு தத்துவம். வேறு கதவு வழியாக வந்தாலும் வரட்டும்.

அவள் அங்கேயே நின்று வீட்டுக்குப் போன் செய்தாள். அப்பா பேருந்து நடத்துநர், பணி முடிந்து வந்திருந்தார். பேச்சு நீண்டது. பிறகு முகம் வாடிப்போய், "அப்பா உங்ககிட்டப் பேசணுமாம் சார்" என்று போனை என்னிடம் நீட்டினாள்.

"சார், வணக்கம். அஞ்சு வருசம் லா படிச்சிட்டு, தத்துவம் படிச்சு என் பொண்ணு என்ன சார் பண்ணப் போகுது?"

1973-இல் சொல்லத் தெரியாத பதில். வராண்டா கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துகொண்டேன்.

"ஐயா, எங்க அப்பா கும்பகோணத்துல ஒரு வக்கீல்கிட்ட குமாஸ்தாவா இருந்தார்..." என்று தொடங்கினேன்.